வெற்று லொறியில் திரும்பிய பெட்டிகள்

கண்டியில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் களஞ்சியத்தில் எனக்கு வேலை. எந்த லொறி எந்தப் பக்கம் போகும், என்ன ஏற்றிப் போகும் என்று திட்டமிடுவது நான்தான். பிஸ்கட் எல்லாம் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிகளில் கடைகளுக்குப் போகும். வெற்றுப் பெட்டிகள் அதே லொறியில் திரும்பி வரும்; கழுவி மறுபடி நிரப்புவோம்.

ஒருநாள் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி அட்டைப்பெட்டியில் அடைத்து, மேலே பொலித்தீன் சுற்றி அனுப்ப வேண்டுமாம். அதுதான் மலிவாம். புதுத் திட்டத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட மாட்டேன் சார்," என்றேன்.

மேலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தாத மனிதர். "பெட்டி கழுவுறதும் செலவு, தொலையிறதும் செலவு. விளங்குதே உமக்கு?"

"விளங்குது சார். ஆனா லொறி சும்மாதானே திரும்பி வருது? அந்தப் பொலித்தீன யாரு எரிக்கிறது? கடைக்காரங்கதானே?"

"அது எங்கட கணக்கில வராது."

அந்தப் பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் தெல்தோட்டைப் பக்கத்துக் கடைகளுக்குப் போகும் லொறியில் நானே ஏறினேன். பெட்டிகள் அதிகம் தொலைவது அந்தப் பக்கம்தான்.

முதல் கடையில் முஸ்லிம் முதலாளி என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். எங்கள் பெட்டிகள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்தன.

"தொலையல்ல தங்கச்சி. உங்க டிரைவருக்கு நின்டு எடுக்க நேரமில்ல. பாவம், அவரையும் விரட்டுறாங்க."

அடுத்தடுத்த கடைகளிலும் அதே கதை. டிரைவரும் நானும் சேர்ந்து ஏற்றினோம். மழையில் சேலை முழங்கால் வரை சேறு. களஞ்சியத்துக்குத் திரும்பியதும் அப்படியே மேலாளரை வாசலுக்கு அழைத்து லொறியைக் காட்டினேன்.

"தொலைஞ்சுதுன்னு சொன்னதெல்லாம் இதுதான் சார்."

பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு கொழும்புக்குப் பேசினார்.

தெல்தோட்டைக்கு மட்டும் பெட்டிகளை விட்டுவைத்தார்கள். டிரைவருக்கும் கூடுதல் நேரம் கிடைத்தது. மற்றப் பக்கமெல்லாம் பொலித்தீன்தான். அந்தத் திட்டத்தில் மேலாளரே கையெழுத்துப் போட்டார். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. போகட்டும்.

இப்போது லீவு நாட்களில் பேராதனைப் பக்கத்துக் கடைகளுக்குப் போய் வருகிறேன். பெட்டிதான் வேண்டும் என்று கடைக்காரர்களையே கொழும்புக்குச் சொல்ல வைக்கப் போகிறேன்.