காலியாக விட்டிருக்கலாம்

அக்டோபர் 12: வீட்டில் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வு, நானூற்றுக்கு 318.
நவம்பர் 16: கல்லூரி நுழைவுத் தேர்வு.
டிசம்பர் 7: மதிப்பெண் வந்தது, நானூற்றுக்கு 221.
ஜனவரி 11: மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பம் அனுப்பியது.

இவை எங்கள் தெருமுனைச் சலூன்காரருடைய மகளின் தேதிகள். அவளுக்கு மருந்தியல் படிக்க ஆசை. சலூன்காரர் மனைவியை இழந்தவர். அவருக்கு இருந்தவை இரண்டு நாற்காலி, ஒரு மகள், ஊருக்கே போதுமான வாய். அந்த 318-ஐ முடிவெட்ட வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். கழுத்தில் துணியைக் கட்டிவிட்ட பிறகு யார் எழுந்து ஓட முடியும்?

221 வந்ததும் கடையில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான்.

"என்ன அண்ணே, பாப்பா மார்க் வந்திருக்குமே?" என்றார் மீன்கடைக்காரர்.

"தலையை ஆட்டாதீங்க, காதுல பட்டுடும்."

மீன்கடைக்காரர் தலை ஆடவே இல்லை.

விண்ணப்பம் அனுப்பிய சனிக்கிழமை நான் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் மகள் மடிக்கணினியோடு இருந்தாள்.

"அப்பா, இந்த நுழைவுத் தேர்வு மார்க்கைப் போடறது நம்ம இஷ்டம்னு இருக்கு. ஸ்கூல் மார்க்தான் நல்லா இருக்கே. இந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடறேன்."

"விட்டா என்ன நெனைப்பாங்க?"

"ஒண்ணும் நெனைக்க மாட்டாங்கப்பா. நெறைய பேர் விடறாங்க."

"அடி போடி! முப்பது வருஷமா தலை பாக்கறேன். ஒருத்தன் தொப்பியோட உள்ள வந்தா, கழட்டறதுக்கு முன்னாடியே அடியில சொட்டைன்னு எனக்குத் தெரியும். படிச்சவங்களுக்குத் தெரியாதா? மறைச்சா இன்னும் கம்மின்னு நெனைப்பாங்க. உள்ளதைப் போடு."

"அப்பா, இது தலை இல்ல."

"சொன்னாக் கேளு கண்ணு."

அவள் நாற்காலியைச் சுழற்றி, அவருக்கு முதுகு காட்டி, 221-இன் மூன்று இலக்கங்களையும் தட்டினாள்.

பிப்ரவரியில் வங்கிக்காரர் ஒருவர் முடிவெட்ட வந்தார். "எங்க அக்கா பையன் எடுத்தது வெறும் 240. போடவே இல்லையே! சீட்டு கிடைச்சிடுச்சு. போட்டாத்தான் சார் பாப்பாங்க," என்றார். பாதித் தலையில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

அன்று வீட்டில் நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். திருத்த வழியுண்டா என்று கேட்டிருக்கிறார்.

"அனுப்பியாச்சுப்பா. விடுங்க. 221 வாங்கினது நான்தானே."

"போடச் சொன்னது நான்டா," என்றாராம். அவள் மறுக்கவில்லை.

மார்ச்சில் இரண்டு கல்லூரிகள் கையை விரித்தன. அதற்குப் பிறகு, தொப்பியோடு யார் வந்து உட்கார்ந்தாலும் சலூன்காரர் கழற்றச் சொல்வதில்லை. அவர்களாகக் கழற்றும்வரை துணியைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நிற்பார்.

வீடு பூட்டியிருந்ததால் மூன்றாவது கடிதத்தைத் தபால்காரர் கடையிலேயே கொடுத்தார். ஒரே பக்கம். இடமளிக்க இயலாததற்கு வருந்துகிறோம் என்றிருந்தது. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சலூன்காரர் தாளைப் புரட்டி வெற்றுப் பக்கத்தையும் பார்த்தார்.

"அதனாலதானா, வேற எதனாலயாவதான்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே சார்," என்றார் என்னிடம். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுபடி எடுத்து, மகள் வந்தால் கண்ணில் படும்படி கண்ணாடிக்கு முன்னால் வைத்தார்.

கடிதம் வந்தது ஏப்ரல் 9.