ரிஃப்காவுக்குக் கணிதம் சரிவருமா?

கணித டியூஷன் வாத்தியாருக்குப் பாடம் நடத்துவது பாதி வேலை. பிள்ளைக்கு அது சரிவருமா என்று குறி சொல்வது மீதி வேலை. இந்தத் தொழிலில் என்னோடு மாரடிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஏ.எல். பரீட்சை எழுதிய என் மாணவி ரிஃப்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க இடம் கிடைத்தது. அனுப்புவதா வேண்டாமா என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று அவள் வீட்டில் முடிவாகிவிட்டது.

மீன்கடைச் சோதனை

முதலில் வந்தவர் அவளுடைய வாப்பா. கிண்ணியாவில் மீன் வியாபாரம். மகளைக் கடையில் நிறுத்திப் பார்த்தாராம். அவள் விலையைக் கூட்டிப் பெருக்கி முடிப்பதற்குள் வாங்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாராம். மனிதர் உண்மையிலேயே நொந்துபோயிருந்தார்.

“சூரை மீனைத் தராசில நிறுத்து இறக்க முந்தியே நான் விலையைச் சொல்லிருவன், சேர். கணிதம் படிக்கப் போறவள் போனை எடுத்துத் தட்டுறாள்.”

பாலம்

அடுத்து வந்தவர் தாய்மாமன், துறைமுகத்தில் என்ஜினியர். கணிதம் படித்தால் மூளை கூர்மையாகும், உலகமே அதில்தான் ஓடுகிறது என்று, பரிசளிப்பு விழாவில் பேசுகிற வசனமெல்லாம் எடுத்துவிட்டேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வகுப்புக் கொட்டகையின் ஒழுகும் தகரத்தை அண்ணாந்து பார்த்தார். நானும் கணிதப் பட்டதாரி என்பது அவருக்குத் தெரியும்.

“கிண்ணியாப் பாலத்தை என்ஜினியர் கட்டினார். கணிதம் படிச்சவர் என்னத்தைக் கட்டினார், சேர்?”

என் சோதனை

என்னிடமும் ஒரு தராசு உண்டு: பழைய வினாத்தாளை நேரத்துக்குள் முடிப்பவர் கெட்டிக்காரர். ரிஃப்கா ஒருநாளும் முடித்ததில்லை. மற்றவர்கள் சூத்திரத்தைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுவார்கள். இவள் அந்தச் சூத்திரம் எப்படிச் சரியாகும் என்று அதிலேயே குந்தியிருப்பாள். தொட்டதெல்லாம் சரியாக இருந்ததால்தான் தப்பினாள். ஒருநாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதெல்லாம் சோதனைக்கு வராது பிள்ளை என்று அதட்டினேன். அவள் பணிவாகத்தான் கேட்டாள்.

“சோதனைக்கு வராட்டி, அது எங்க சேர் வரும்?”

தீர்ப்பு

பதிவுக்குக் கடைசி நாள் நெருங்க, வாப்பா மகளையும் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். அவளுடைய அந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்ததால், அனுப்புங்கள் என்றேன். எதை வைத்துச் சொல்கிறேன் என்று அவர் கேட்க, நான் பழைய வினாத்தாள்களைப் புரட்டினேன். பொறுமையிழந்தவர் மகளிடமே திரும்பி, படித்ததெல்லாம் விளங்கிவிட்டதா என்று கேட்டார்.

“இல்ல வாப்பா, விளங்கல்ல. அதுக்குத்தான் போகப்போறன்.”

வாப்பாவே அவளைப் பஸ் ஏற்றிவிட்டார். எல்லாம் விளங்கிவிட்ட நான் இன்னும் அதே ஒழுகும் தகரத்தின் கீழ்தான் இருக்கிறேன்.