மணிமொழியின் இருபது நிமிடம்

சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை நாளெல்லாம் குனிந்து அறுத்தே இடுப்பைத் தொலைத்தவள் மணிமொழி. சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் அப்படிப் பத்துப் பேர் உண்டு. பிடிவாதக்காரி அவள் ஒருத்திதான். ஆறு வருஷம் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தவர்கள், உப்பு ஏறியிருக்கிறது, இன்னும் மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்ப வலிக்கு நான் என்ன பண்றது?" என்று டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

அங்கே பிசியோதெரபி பார்க்கும் வெற்றிச்செல்விதான் வழி சொன்னாள். மூச்சை மெதுவாக விட்டு, கால் விரலில் தொடங்கி உச்சந்தலைவரை உடம்பைத் தளர்த்த வேண்டும். தினமும் இருபது நிமிடம். வலி அடியோடு போகாது, ஆனால் தாங்கும்படி ஆகும் என்றாள். மணிமொழிக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் மாத்திரை அட்டையைக் குப்பையில் எறிந்துவிட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் இடுப்பு கொஞ்சம் இளகிக் கொடுத்தது.

விட்டார்களா எங்கள் தெருக்காரர்கள்? ஒரு வெள்ளிக்கிழமை, காளி கோயிலுக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு, கண்ணை மூடி லேசாக ஆடிக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். அவ்வளவுதான். காலடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, "ஆத்தா, எம் மவளுக்கு எப்ப வரன் அமையும்?" என்று கும்பிட்டாள்.

"அருளெல்லாம் இல்லக்கா, இடுப்பு வலி" என்று மணிமொழி சொன்னதை யார் கேட்டார்கள்? அடுத்த வெள்ளி ஏழு பேர் வந்தார்கள். அவள் புருஷன் பெயர் ஆண்டவர்; அவருக்கு உள்ளூரப் பெருமை.

"நாலு வார்த்தை நல்லதா சொல்லிட்டுப் போயேன், உனக்கென்ன?" என்றார்.

பயிற்சி கெட்டது. வலி பழையபடி ஏறியது. அதற்கடுத்த வெள்ளி மெடிக்கல் வாசல்வரை போய்விட்டாள். படியேறாமல் திரும்பி நடந்தபோது வலியைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வீட்டு வாசலில் கூட்டம் காத்திருந்தது. "எல்லாரும் எந்திரிச்சுப் போங்க!" என்று கத்தினாள்.

ஒருத்தியும் அசையவில்லை. "ஆத்தா கோவமா இருக்கா" என்று அம்மாக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மணிமொழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு குரலை மாற்றினாள். "ஆமாண்டி, கோவந்தான். எல்லாரும் கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா வுடுங்க. நான் சொல்ற வரைக்கும் எவளாவது வாயைத் தொறந்தீங்க, அப்புறம் தெரியும் சேதி!"

எங்கள் தெருவில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. கழுத்துவலிக்காரியான நானும் அங்கேதான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து, தன் குரலிலேயே பேசினாள். "சாமியெல்லாம் வரல. தெனமும் இப்படி உக்காரலன்னா எனக்கு மாத்திரை போடாம முடியாது. மாத்திரை போட்டா கிட்னி போயிடும். என்னை உக்கார வுடுங்க."

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மாக்கண்ணு. எனக்குச் சிரிப்பு வந்தது; கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஆண்டவரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கிட்னி விஷயத்தை அவள் அவரிடமே சொல்லியிருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். உப்பு இறங்கவில்லை, ஏறவும் இல்லை. இப்போதும் இடுப்பு வலிக்கிறது, இப்போதும் உட்காருகிறாள். அந்த நேரத்தில் தெருமுனையில் ஆண்டவர் நிற்பார். வருகிற பைக்கையெல்லாம் கைகாட்டி மறித்து, "ஆஃப் பண்ணித் தள்ளிக்கிட்டுப் போ தம்பி. எம் பொண்டாட்டி மூச்சு வுட்டுக்கிட்டிருக்கா" என்பார்.