துரை விட்டுப்போன வேட்டைநாய்

சீமையில் பெரிய சண்டை தொடங்கிய வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பட்டாளத்துக்குப் புறப்பட்டார். அவருடைய குதிரையும் வேட்டை நாய்களும் ஹப்புத்தளைப் பக்கத்துத் துரை ஒருவரிடம் போயின. ஒரு நாயை மட்டும் அந்தத் துரை வேண்டாம் என்றுவிட்டார். மரை என்கிற பெரிய மானின் கொம்பு பட்டு அதற்கு ஒரு கண் போயிருந்தது. யாருக்கும் வேண்டாத நாயைச் சுட்டுவிடலாம் என்று பங்களாவில் ஏற்பாடு நடந்துகொண்டிருந்த காலையில், ஏதோ வேலையாக என் வீட்டுக்காரர் அங்கே போயிருக்கிறார். நாய் வந்து அவர் காலை முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டதாம். "ஐயா, இத நான் கொண்டுபோறேங்க" என்று பங்களாவில் இருந்தவரிடம் இவர் சொல்லிவிட்டார்.

அவர் அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஆட்களுக்கு மலையில் வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்வை பார்ப்பவர். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. நான் திருச்சிப் பக்கத்து வயற்காட்டில் ஆடு மாடுகளோடு வளர்ந்தவள். இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. முன்வாசலில் நின்றால் தாழ்ந்த நாடு முழுவதும் காலைப் பனியில் மூழ்கிக் கிடப்பது தெரியும். பின்வாசலைத் திறந்தால் ஓர் ஓடை, ஓடையைத் தாண்டினால் காடு. ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் எல்லாம் வெகு கீழே இருந்தன. ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவர் விடியுமுன் போனால் பொழுது சாயத்தான் வருவார். அதனால் நாயைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம்தான்.

துரை அதற்கு வைத்திருந்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. "வாடா" என்றால் வரும், "போடா" என்றால் போய்ப் படுத்துக்கொள்ளும். உயரமான நாய், செம்மண் நிறம். குருட்டுக் கண் பக்கமாக நான் போய்விட்டால் திடுக்கிட்டுத் திரும்பி, நான்தான் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டது போல வாலை ஆட்டும். சோற்றை நாசூக்காக ஓரத்திலிருந்து சாப்பிடும். துரை வீட்டு வளர்ப்பு என்று நானும் அவரும் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு நாள் ஓடைக்கரைப் பீலியில், குழாய் வழியே கொட்டும் தண்ணீரில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நாய் காட்டுக்குள்ளிருந்து வந்து எதையோ என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தது. பூனையளவு உடம்பு, குச்சி போன்ற கால்கள். சருகுமான். கழுத்து முறிந்திருந்தது, உடம்பில் இன்னும் சூடு இருந்தது. நான் போட்ட கூச்சலில் கையிலிருந்த சட்டி ஓடையோடு போய்விட்டது. நாயோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ விருந்தாளி பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிரித்துப் பாருங்கள் என்று காத்திருப்பதைப் போல.

சாயங்காலம் வந்தவர் சத்தம் போட்டுச் சிரித்தார். நாயின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "நம்ம வீட்டுச் சோத்துக்குக் கடன் வைக்காத ஆளு" என்றார். அன்றைக்கு நான்தான் குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு முயல் வந்தது. பிறகு காட்டுக்கோழி வந்தது. செய்தி லயத்துக்குப் பரவி, பெரிய கங்காணி ஒரு நாள் மேலே ஏறி வந்துவிட்டார். தலைப்பாகையும் கோட்டும் கடுக்கனுமாக இருப்பார். ஆட்களை ஊரிலிருந்து கூட்டி வந்த மனிதர் என்பதால் தோட்டத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

"தம்பி, இது ராஜா வீட்டு நாய். இதுக்கு இருக்கிற மூக்கு ஒண்ணு போதும், நம்ம எல்லாருக்கும் கறி" என்றார்.

என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள் என்பதால் அவரும் வீட்டில் இருந்தார். ஓடைக்கு அப்பால் புதர்கள் முறியும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கத்தல். அதைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஓடினோம். ஒரு கேளையாட்டைத் தொண்டையில் பிடித்து நாய் அழுத்திக்கொண்டிருந்தது. கேளையாடு என்பது சின்ன மான், பயந்தால் நாய் மாதிரியே குலைக்கும். நாங்கள் போய் நாயைப் பிடித்து இழுப்பதற்குள் அதன் உயிர் போய்விட்டது.

அவர் அதன் காலைப் பிடித்துத் தூக்கினார். அப்போதுதான் நான் மடியைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. ஒரு காம்பின் நுனியில் பால் துளிர்த்து நின்றது.

"என்னங்க, இது குட்டி போட்டிருக்கு" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

நாயை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு இருவரும் காட்டுக்குள் தேடப் போனோம். தாய் மேயப் போகும்போது குட்டியைப் புதருக்குள் படுக்க வைத்துவிட்டுப் போகும். யார் வந்தாலும் குட்டி அசையாது. ஒவ்வொரு பெரணிப் புதராக விலக்கிப் பார்த்தோம். அட்டை கடித்து அவர் கால் இரண்டிலும் ரத்தம் வழிந்தது. ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி நான் கூப்பிட்டுக்கூடப் பார்த்தேன். குட்டி கிடைக்கவில்லை. வெயில் இறங்கிப் பனி மூடத் தொடங்கியதும் திரும்பினோம்.

வாசலில் நாய் எங்களைக் கண்டு துள்ளியது. அவர் விறகுக் கட்டை ஒன்றை எடுத்து ஓங்கிவிட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு புள்ள. இன்னைக்கு இதுக்கு மறக்காத மாதிரி குடுக்கிறேன்."

"எதுக்கு அடிக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியுமா? காலையில செஞ்சதுக்கு இப்ப அடிச்சா, நீங்க வீட்டுக்கு வந்ததுக்கு அடிக்கிறதாத்தான் நினைக்கும்."

"அப்ப அது பாட்டுக்குக் கொன்னுக்கிட்டே இருக்கட்டுமா?"

"நான் அப்படிச் சொல்லலீங்க. இதே காரியத்துக்குத் துரை அதைத் தட்டிக் குடுத்தாரு. போன மாசம் நீங்க தட்டிக் குடுத்தீங்க. நான் குழம்பு வச்சேன். இன்னைக்கு மடியில பால் இருந்தது நமக்குத்தான் தெரியும், அதுக்குத் தெரியாது. கொல்லாம பாத்துக்கிற வேலை நம்மளோடது."

கட்டையைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நாய் போய் அவர் முழங்காலில் தலையை வைத்தது. கொஞ்ச நேரம் அதைத் தொடாமலேயே இருந்தார். பிறகு அந்தக் குருட்டுக் கண்ணுக்கு மேலே மெல்லத் தடவிக் கொடுத்தார்.

மறுநாள் விஷயம் தெரிந்து கங்காணி வந்துவிட்டார். கேளையாட்டை நாங்கள் புதைத்துவிட்டோம் என்பதில்தான் அவருக்கு முதல் வருத்தம். அப்புறம் யோசனை சொன்னார். "அடுத்தவாட்டி செத்தத எடுத்து அது கழுத்துலயே கட்டி விடுங்க. அழுகி விழுற வரைக்கும் அவுக்காதீங்க. அப்புறம் எதையும் தொடாது."

"நாத்தத்துல நாங்க வீட்டைத் தொட முடியாதே அண்ணே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்படின்னா என்கிட்ட குடுத்துடு தங்கச்சி. நான் வேட்டைக்கு வச்சுக்கிறேன்."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கங்காணி கேட்டு இல்லை என்று சொல்வது லேசான காரியமில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இல்லீங்க. இது நம்ம வீட்டுலயே இருக்கட்டும். வேட்டைய மறக்கடிக்கப் பாக்குறோம்."

"புலியைப் புல்லுத் தின்ன வைக்கப் போறீகளா?" என்று கேட்டுவிட்டுக் கங்காணி இறங்கிப் போனார். கோபமில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

முதல் வேலையாக ஒரு மணி வாங்க ஹல்துமுல்லைக் கடைவீதிக்கு இறங்கினோம். அரிசி முதல் ஆணி வரை விற்கும் முஸ்லிம் கடை ஒன்று அங்கே இருந்தது. எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் மணிகளைக் கொண்டுவந்து பரப்பினார்.

"மாடு வாங்கியிருக்கீங்களா?"

"இல்ல நானா, நாய்க்கு" என்றார் இவர்.

"நாய்க்கு மணியா? நாய் வருதுன்னு திருடனுக்குச் சொல்றதுக்கா?"

"மானுக்குச் சொல்றதுக்கு" என்றேன்.

நானா என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மணிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, இருப்பதிலேயே கணீரென்று கேட்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். கடை வாசல் வரை வந்து, "பலன் கெடைச்சா வந்து சொல்லுங்க" என்றார்.

மணி பாதிப் பலன் கொடுத்தது. சத்தம் கேட்டுக் காட்டுக்கோழிகள் முன்கூட்டியே பறந்துவிடும். ஆனால் நாய் ஓடத் தொடங்கிவிட்டால் அதைத் திருப்ப எங்களிடம் ஒன்றும் இல்லை. துரை ஊதிய விசிலுக்கு அது திரும்பி வருமாம். விசில் துரையோடு கப்பலேறிவிட்டது. இவர் வாயில் விரலை வைத்து ஊதிப் பார்த்தார். காற்றும் எச்சிலும்தான் வந்தன. பின்பக்கம் நீளக் கயிற்றில் கட்டிவைத்தோம். காலையும் மாலையும் அவர் கயிற்றைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனார். காட்டைப் பார்த்ததும் அது இழுக்கும். இவர் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் வழுக்கி விழுவார். வேட்டி முழுக்கச் சேறோடு வந்து நிற்பவரைப் பார்த்து நான் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வழி சோற்றிலிருந்து பிறந்தது. நாய்க்குச் சோறு வைக்கும்போது தகரத் தட்டில் அகப்பையைத் தட்டிவிட்டுத்தான் வைப்பேன். ஒரு நாள் தட்டைக் கழுவி, தண்ணீர் போக வேகமாக உதறித் தட்டியதில், தூரத்தில் பெருச்சாளி வளையைத் தோண்டிக்கொண்டிருந்த நாய் அதை விட்டுவிட்டுக் கயிறு இறுகும் மட்டும் என்னிடம் ஓடிவந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒன்று தோன்றியது. அன்றிலிருந்து சோற்று வேளை இல்லாதபோதும் தட்டினேன். வந்தால் கருவாட்டுத் துண்டு. நாய் எதையாவது மோப்பம் பிடித்து மெய்மறந்து நிற்கும் நேரமாகப் பார்த்துத் தட்டுவேன். வந்தால் இன்னும் பெரிய துண்டு. வராவிட்டால் திட்ட மாட்டேன், கயிற்றைச் சுருட்டி இழுத்துக்கொண்டு மறுபடி தட்டுவேன்.

பக்கத்து மலையில் கொழுந்து பறித்த பெண்களுக்கு இது நல்ல வேடிக்கை. காலையில் ஆட்களை எழுப்ப லயத்தில் பெரட்டுத் தப்பு அடிப்பார்கள். "கணக்கப்பிள்ளையம்மா வீட்டுல நாய்க்கும் பெரட்டு" என்று ஒருத்தி ஆரம்பிக்க, மலை முழுவதும் சிரிப்பு ஏறி இறங்கும். "உங்க நாய்க்கு அரைப் பேரா, முழுப் பேராம்மா?" என்று, அரைநாள் கூலியா முழுநாள் கூலியா என்கிற கணக்கில், இன்னொருத்தி கேட்பாள். நானும் சிரித்துக்கொண்டே தட்டுவேன்.

அடுத்த கச்சான் வருவதற்குள் நாய் கயிறில்லாமல் வாசலில் படுக்கும் அளவுக்கு வந்திருந்தது. ஒரு காலை, கொழுந்துப் பெண்கள் நிரை பிடித்து நின்ற மலைக்கு மேலே ஒரு கேளையாடு வந்து நின்றது. யாரோ கூவினார்கள். அது மிரண்டு எங்கள் வீட்டுப் பக்கமாகப் பாய்ந்தது. நாய் எழுந்ததை நான் பார்க்கவில்லை. மணிச் சத்தத்தைத்தான் கேட்டேன். அடுப்படியிலிருந்து தட்டையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டும் ஓடையை நெருங்கிவிட்டன. கை வலிக்கும்படி தட்டினேன்.

நாய் ஓட்டத்தைக் குறைத்தது. நின்றது. காட்டைப் பார்த்தது, உடம்பெல்லாம் நடுங்கியது. என்னைப் பார்த்தது. மறுபடி காட்டைப் பார்த்தது. மலையில் பெண்கள் கொழுந்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நான் இன்னொரு முறை தட்டினேன். அது திரும்பி, தலையைத் தொங்கவிட்டபடி, ஏதோ பெரிய நஷ்டத்தைச் சுமந்துகொண்டு வருவது போல என்னிடம் நடந்து வந்தது. அன்றைக்கு வீட்டில் இருந்த கருவாடு அத்தனையும் அதற்குத்தான். அதைக் கட்டிக்கொண்டு நான் ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தேன். மேலே பெண்கள் கைதட்டினார்கள்.

மத்தியானத்துக்குள் செய்தி அவரை எட்டிவிட்டது. வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வந்து, "நெசமாவா? நின்னுச்சா?" என்று நாலைந்து தடவை கேட்டார். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று எங்கள் வீட்டில் கருவாடில்லாத ரசச்சோறு. அப்படி ஒரு சோற்றை அவர் ருசித்துச் சாப்பிட்டதை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

நாய் முற்றாக மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். பிறகும் ஒரு முறை, நான் பிரசவத்துக்குப் படுத்திருந்த நாட்களில், கட்ட மறந்த நேரம் பார்த்து ஒரு காட்டுக்கோழியைக் கொன்று கொண்டுவந்தது. அவர் அடிக்கவில்லை, தட்டிக் கொடுக்கவும் இல்லை. கோழியை வாங்கிப் புதைத்துவிட்டு நாயைக் கயிற்றில் கட்டினார். "மறந்தது நான்தானே" என்று மட்டும் சொன்னார்.

தோட்டத்தில் நாய் வைத்திருந்தவர்கள் பிறகு எங்களிடம் வரத் தொடங்கினார்கள். ஒரு மாலை, கீழ் லயத்துப் பெண் ஒருத்தி தன் நாயை இழுத்துக்கொண்டு ஏறி வந்தாள். அது முயல் பிடித்துவிட்டதாம். வீட்டுக்காரன் அதன் காலை ஒடிக்கப் போகிறேன் என்று நிற்கிறானாம்.

"முயலை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"தின்னுட்டோம்மா" என்றாள் தலையைக் குனிந்து.

"அப்ப காலை ஒடிக்கிறது நியாயமில்லையே" என்றேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படியில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். கூப்பிட்டால் வரப் பழக்கு, வந்ததும் கையில் ஏதாவது கொடு, பழகும்வரை கட்டி வை, அது பிடித்துக்கொண்டு வருவதை மட்டும் தின்னாதே என்று சொன்னேன். கடைசி ஒன்றுதான் கஷ்டம் என்றாள். ஆமாம், எங்களுக்கும் அதுதான் கஷ்டமாக இருந்தது என்றேன். பனி இறங்குவதற்குள் போகவேண்டும் என்று எழுந்தாள். அவளும் நாயும் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனார்கள். உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. நான் தூக்கப் போனேன்.