பெட்டி தக்கலையில், திரை மணவாளக்குறிச்சியில்

லில்லிபாய் அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு விற்பனை விளம்பரமாக வந்தது.

சென்னையில் மகள் வீட்டில், பேரனை மடியில் போட்டுக்கொண்டு கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பழைய கணிப்பொறிகளை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் நாடு முழுவதிலுமிருந்து கூடும் குழு அது. மஞ்சளேறிய இரும்புப் பெட்டி ஒன்றின் படம் வந்தது. முகப்பில் பிளாப்பி செருகும் இரண்டு வாய்கள். இடது வாயின் ஓரம் உடைந்து, நகப்பூச்சு வைத்து ஒட்டிய சிவப்புத் தடம். அந்தத் தடத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். படத்துக்குக் கீழே, "மறைந்த மயிலாடி லில்லிபாய் அவர்களின் அரிய சேகரிப்பிலிருந்து" என்று எழுதியிருந்தது.

மணவாளக்குறிச்சியில் படகு இன்ஜின் மெக்கானிக்காக இருக்கும் அருளை அழைத்தேன். "என்ன அண்ணே, நம்ம குரூப்ல போட்டேனே, பாக்கலியா? திங்கக்கிழமையே அடக்கம் முடிஞ்சு" என்றார். அக்காவைச் சுற்றிக் கூடிய நம்முடைய சின்னக் குழுவின் சத்தத்தை நான் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இங்கே வீடு எரியக்கூட இல்லை, கல்லறை மண் ஈரமாக இருக்கிறது. அதற்குள் 'மறைந்த' என்ற சொல்லை ஒட்டி விலையை ஏற்றியாயிற்று. விளம்பரம் போட்ட தக்கலை நண்பரின் பெயரை நான் எழுதவில்லை. பயத்தால் அல்ல, அக்காவின் பெயர் இருக்கும் தாளில் அந்தப் பெயர் வேண்டாம் என்பதால்தான். அக்காவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அவர் யாரென்று தெரியும்.

அக்காவை நான் முதலில் பார்த்தது கோட்டாறில் ஒரு பழைய இரும்புக் கடையில். நான் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த காலம். ஒரு விசைப்பலகையின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறுமுனையை அவர் பிடித்திருந்தார். இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில், "சரி, நீரு வச்சுக்கிடும். ஆனா ரெண்டாம் சனிக்கிழமை மயிலாடிக்கு எடுத்துட்டு வரணும். இதுக்குண்டான பெட்டி எங்கிட்டதான் இருக்கு" என்றார். தான் நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்கு அவர் வாங்கிய முதல் இயந்திரம் அந்தப் பெட்டி. விளம்பரத்தில் நான் கண்டது அதே பெட்டியைத்தான்.

மயிலாடியில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் சிற்பக்கூடம். கல்தூசிக்குப் பயந்து எல்லா இயந்திரங்களையும் தன் பழைய வெள்ளைச் சேலைகளால் மூடி வைத்திருப்பார். கல் அறுக்கும் இயந்திரம் ஓடினால் மின்சாரம் தாழ்ந்துவிடும், பிளாப்பி சுழலாமல் முனகும். அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டுவார். "அண்ணாச்சி, ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்க. நம்ம ஆளு கண்ணு முழிக்கட்டும்."

"டீச்சர், இங்க பிள்ளையாருக்குத் தும்பிக்கை பாதியில நிக்கு. நிறுத்தினா கோவிப்பாரு."

"அவரு பொறுமைசாலி. நம்ம ஆளுக்குப் பொறுமை கிடையாது."

சிற்பி நிறுத்துவார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும். இரண்டாம் சனிக்கிழமைக்கு வந்து கூடியிருக்கும் பத்துப் பேரும், வாழ்நாளில் முதல்முறை பார்ப்பவர்களைப் போல, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்போம். பெரிய பெரிய ஆட்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, அக்கா பெயரையும் எழுதிப் போடுகிறோம் என்றார்கள். அக்கா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். அவர்கள் போன பிறகு எங்களிடம், "கண்ணாடிப் பெட்டியில வைக்கது செத்தவங்களத்தான் மக்கா" என்றார். கடைசியில் அவரையும் அப்படி ஒரு பெட்டியில்தான் வைத்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை.

உடம்புக்கு முடியாமல் போனதும் அவர் செய்த காரியம்தான் இன்றைய சண்டைக்கு மூலம். இயந்திரங்களைப் பங்கு வைத்தார். ஆனால் ஒருவருக்கும் முழுதாக ஒன்றைத் தரவில்லை. தன் முதல் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி தக்கலை நண்பருக்கு, திரை அருளுக்கு, நான் மயிலாடியிலேயே விட்டிருந்த அந்த விசைப்பலகை மறுபடியும் எனக்கு. இந்தக் காலத்துத் திரை அந்தப் பெட்டிக்குச் சேராது. வேறு விசைப்பலகையின் பிளக் நுழையும், ஆனால் பெட்டி அதை ஏற்காது. மூன்று பேரும் ஒரே வீட்டில் கூடினால் மட்டுமே அது கண் விழிக்கும். எந்த வீடு என்பதையும் சொன்னார்: "பெட்டி யாருகிட்ட இருக்கோ அவன் வீட்டுல. அவன் கிழங்கு அவிக்கணும். அருளு கடப்புறத்துல இருந்து மீன் கொண்டு வரணும்." நான் என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். "நீரு ஒழுங்கா வந்தாப் போதும்" என்றார்.

நான் ஒழுங்காக வரவில்லை. நான் இருக்கும் வடசேரியிலிருந்து தக்கலைக்கு பஸ் ஏறச் சோம்பல்பட்டு, அதே வகைப் பெட்டி ஒன்றையும் திரை ஒன்றையும் இணையத்தில் தேடி வாங்கினேன். அக்கா தந்த விசைப்பலகையை அதில் மாட்டி, வீட்டிலேயே ஓடவிட்டேன். சனிக்கிழமைகளை விட்டேன். குழுவின் சத்தத்தை நிறுத்தியதும் அப்போதுதான். அக்கா ஒருநாள் தொலைபேசியில், "இந்த மாசமும் வரல்லியா மக்கா?" என்று கேட்டார். இங்கேயே ஓடுகிறது அக்கா என்றேன்.

"ஓ, தனிக்குடித்தனம் போயாச்சா?" சிரித்தார். பிறகு, "ஓடுது, சரி. யாரு பாக்கது?" என்றார். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். என் முகத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு நாள் வலித்திருக்காது.

விளம்பரத்தைக் கண்ட மறுநாள் தக்கலை நண்பரே அழைத்தார். "அண்ணே, உங்ககிட்ட இருக்க கீபோர்டத் தந்தா முழு செட்டாப் போவும். திரைக்கு அருளுகிட்டயும் கேட்டிருக்கேன். பெங்களூர்ல ஒரு ஆளு ரெடியா நிக்காரு."

"அக்காவ அடக்கம் பண்ணின மண்ணு காஞ்சிட்டா?"

"அது வேற, இது வேற. எனக்குத் தந்தது எனக்குள்ளதுதானே?"

அதற்கு நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. மகள் ஓடிவந்து குழந்தையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனாள்.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம். அவருக்குத் தந்தது ஒரு பெட்டி இல்லை. எங்களை மாதம் ஒருமுறை தன் வீட்டுக்கு அழைக்கும் பொறுப்பைத்தான் அக்கா அவர் கையில் கொடுத்தார். அதை அவர் விற்கப் பார்க்கிறார். நான் விற்கவில்லை, சும்மா உதறிவிட்டேன். எது பெரிய துரோகம் என்று கேட்டால் அவரை நோக்கி நீட்டிய விரல் கொஞ்சம் மடங்கத்தான் செய்கிறது.

ஊர் திரும்பிய அன்றே, அக்கா செய்ததுபோலப் பங்கு வைத்து, என் தனிக்குடித்தனத்தைக் கலைத்தேன். நான் வாங்கிய பெட்டியை அருளிடம் கொடுத்தேன். திரையை மயிலாடிச் சிற்பியிடம் கொண்டுபோனேன். எத்தனையோ சனிக்கிழமை தன் வேலையை நிறுத்தித் தந்தவர், ஒருநாள்கூட மதிலைத் தாண்டி வந்து பார்த்ததில்லை. "எனக்கு இது ஒண்ணும் தெரியாதே அண்ணாச்சி" என்றார். தெரிந்த ஆட்கள் செய்த லட்சணம் போதும், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சேலை ஒன்றை வீட்டாரிடம் கேட்டு வாங்கிவந்து சிற்பியே திரையை மூடினார்.

அக்காவிடமிருந்து இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு விசைப்பலகை. எத்தனை முறை தட்டினாலும் தனியாக ஓர் எழுத்தைக்கூட அது காட்டாது. அதை நான் தரமாட்டேன். அருளும் திரையைத் தரமாட்டார். பெங்களூர்க்காரர் முழு செட்டுக்குத்தான் காத்திருக்கிறார் என்றால், அவர் காத்துக்கொண்டே இருக்கட்டும்.

தக்கலை நண்பரே, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். வருகிற இரண்டாம் சனிக்கிழமை அருள் திரையோடும் மீனோடும் உங்கள் வீட்டுக்கு வருகிறார். நானும் வருகிறேன். இன்னும் திட்டுவதற்கு நிறைய மிச்சம் இருக்கிறது, அதை வாசலில் நின்றே முடித்துவிடுகிறேன். நீங்கள் கிழங்கை அவித்து வையுங்கள்.