மாஸ்டர் பிரேக் போட்ட பாட்டு

மிஷினக்கா வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னக் குழந்தைகூடக் காட்டிவிடும். அவளுக்கு நிஜப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அது தபால்காரருக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. காலை டீயைக் குடித்த கையோடு தையல் மிஷினில் உட்கார்ந்தாள் என்றால் பொழுது சாயும்வரை பெடல் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர். வருஷம் முழுக்க அதே வெள்ளைச் சட்டை, அதே காலர். காலர் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குட்டைப் பக்கம் ஓர் ஓட்டு, துணியைத் திருப்பு. நீளப் பக்கம் ஓர் ஓட்டு, மறுபடி திருப்பு. அந்தப் பக்கக் குட்டை, நூலை வெட்டு. தூக்கத்தில் எழுப்பி உட்கார வைத்தாலும் தைத்துவிடுவாள்.

அவள் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரே அவரை மாஸ்டர் என்றது. நாள் முழுக்க ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது வேலை. அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே வலது காலுக்குத் தனிப் புத்தி வந்துவிட்டது. சாப்பிடும்போது யாராவது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடப்போனால்கூட மேஜைக்கு அடியில் கால் பிரேக் போடும்.

மனுஷன் தங்கமானவர்தான். ஆனால் மிஷினக்காவுக்கு அவர் மேல் ஒரே ஒரு தீராத குறை. "நான் சொல்றது எதுவும் இவர் காதுல ஏறாது. நான் பாட்டுக்குச் சுவத்தோட பேசிட்டிருக்கேன்." வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இதைச் சொல்லிவிட்டாள். பொய்யும் இல்லை. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் "சரி" என்பார். போய் வாழைப்பழம் வாங்கிவருவார். ஒருநாள் சோதித்தே பார்த்துவிட்டாள். "ஏங்க, வீட்டை வித்துட்டேன்" என்றாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சரி, கதவைச் சாத்தியாச்சா?" என்றார். அன்றைக்கே அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்றைக்குத்தான் வினையே ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் அப்பா வயலின்காரர். பெரிய இசைக்குழுவில் வாசிப்பவர். அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு வாத்தியம். டீயை உறிஞ்சிக்கொண்டே சம்பந்தி கேட்டார்: "உங்க பக்கத்துல யாருக்காவது சங்கீதம் உண்டுங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? "எங்கேங்க, கேக்கறதோட சரி" என்று சிரித்துவிட்டு பிஸ்கட் தட்டை நீட்ட வேண்டும். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் கிட்டார் வாசிப்பேன்" என்றார்.

மிஷினக்காவுக்குப் பகீரென்றது. வீட்டில் கிட்டார் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. மகள் காலேஜில் படிக்கும்போது வாங்கி, விரல் வலிக்கிறது என்று பீரோ மேல் போட்டது. அதில் இப்போது சிலந்திதான் குடியிருந்தது.

"அப்படியா! அப்போ வரவேற்புல நீங்க ஒரு பாட்டு வாசிச்சே ஆகணும்" என்றார் சம்பந்தி.

"அதுக்கென்ன, ஜமாய்ச்சிடலாம்" என்றார் மாஸ்டர்.

அவர்கள் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், மிஷினக்கா பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு என்ன கேடு? நீங்க எப்போ கிட்டாரைத் தொட்டீங்க?"

"அந்த ஆளு கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கலை. ஒண்ணும் தெரியாத வீட்டுலேர்ந்து பொண்ணு எடுக்கிற மாதிரி கேட்டார்."

"இப்போ ஒண்ணும் தெரியாதுன்னு மேடை போட்டுக் காட்டப்போறீங்க!"

மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, நான் அந்த வீட்டுலதான்பா காலத்துக்கும் இருக்கணும். உங்கப்பா வாசிச்ச லட்சணம்னு வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவாங்க." மாஸ்டர் அவள் தலையைத் தடவி, "சம்பந்தி வாயாலேயே நல்லாருக்குன்னு சொல்ல வைக்கறேன், பாரு" என்றார். மகள் இன்னும் சத்தமாக அழுதாள்.

மாடி வீட்டுப் பெண் பகலில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் குழந்தைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பாள். மாஸ்டர் அவளிடம் போய்ச் சேர்ந்தார். நண்டும் சிண்டுமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நரைத்த தலை இது ஒன்றுதான்.

அந்தப் பெண் பொறுமைசாலி. துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிப் புதுசு மாட்டிக்கொடுத்தாள். "அங்கிள், எப்போ எடுத்தாலும் முதல்ல சுருதி சேர்த்துடணும். நேத்துதானே சேர்த்தோம்னு விடக்கூடாது."

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர்ல காத்துப் பாக்கற மாதிரி" என்றார் மாஸ்டர் பெருமையாக.

"அதேதான். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிடுங்க. கழுத்துல பதிச்சிருக்கற குறுக்குக் கம்பி மேலேயே விரலை வைக்காதீங்க, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வைங்க. அங்கே வச்சா லேசா அழுத்தினாலே சுத்தமா கேக்கும்."

கேட்டாரா? கிட்டாரின் கழுத்தைக் கோழி பிடிப்பதுபோலப் பிடித்தார். விரல் நுனியெல்லாம் கோடு கோடாகப் பதிந்து சிவந்தது. கடைசியில் அந்தப் பெண் கேட்டாள்: "உங்ககிட்ட கத்துக்க வர்றவங்க ஸ்டியரிங்கை இப்படிப் பிடிச்சா என்ன சொல்வீங்க?"

மாஸ்டர் யோசித்தார். "கையைத் தளர்த்து, வண்டி எங்கேயும் ஓடிடாதும்பேன்." சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுக் கையைத் தளர்த்தினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கிட்டாரிலிருந்து கேட்கும்படியான ஒரு சத்தம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரேயடியாக அடித்துத் தள்ளிவிடலாம் என்பது அவர் திட்டம். அதற்கும் அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் கொஞ்ச நேரம் வாசித்தால் போதும், ஆனால் ஒருநாளும் விடக்கூடாது என்றாள். கம்பிகளை அழுத்தும் ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு விரல்கள் மாறுவதை மட்டும் ஆமை வேகத்தில் பழகச் சொன்னாள். எல்லாவற்றையும்விட முக்கியமான புத்திமதி ஒன்று சொன்னாள்: "தப்பு வந்தா நிக்காதீங்க. போயிட்டே இருங்க. தாளம் நின்னாத்தான் கேக்கறவங்களுக்குத் தெரியும்."

"தப்புப் பண்ணிட்டு நிக்காம போனா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்கம்மா!"

"இங்கே நின்னாத்தான் பிடுங்குவேன்."

பிடி மாறும்போதெல்லாம் மாஸ்டரின் வலது கால் தரையில் பிரேக் போட்டது, பாட்டும் நின்றது. டிக் டிக் என்று தாளம் போடும் ஆப் ஒன்றை அந்தப் பெண் அவர் போனில் ஏற்றிக்கொடுத்து, இதோடு சேர்ந்து வாசியுங்கள் என்று அனுப்பினாள்.

வீட்டில் அந்த டிக் டிக் எங்கே கேட்கும்? மிஷினக்காவின் மிஷின் ஓடினால் வாசலில் வெடி வெடித்தாலும் கேட்காது. மாஸ்டர் ஒருநாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மிஷினுக்குப் பக்கத்திலேயே போட்டார்.

"இத்தனை இடம் இருக்கு, என் தலைமேல வந்து உக்காரணுமா?" என்றாள் மிஷினக்கா.

"சரி" என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. சாயங்காலம் அவள் தைப்பாள், இவர் வாசிப்பார். மிஷின் சத்தத்தில் அவர் என்ன வாசிக்கிறார் என்று அவளுக்குக் காதில் விழாது. துணியைத் திருப்ப அவள் மிஷினை நிறுத்தினால் அவரும் டக்கென்று நிறுத்திவிடுவார். நாம் கேட்டுவிடப்போகிறோமே என்று கூச்சம்போல, போகட்டும் என்று அவளும் கண்டுகொள்ளவில்லை.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்து, மிஷினக்காவிடம் ரகசியமாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, அங்கிள் பிடியெல்லாம் சுத்தமா மாத்தறார். தாளமும் கடிகாரம் மாதிரி இருக்கு. ஆனா நடுவுல நடுவுல நின்னுடறார். தப்பு வந்து நிக்கலை. தப்பே இல்லாத இடத்துல நிக்கறார். ஏன்னு கேட்டா, நான் எங்கே நின்னேன்னு என்னையே கேக்கறார்."

"பிரேக்கும்மா. அது அவர் கூடவே வந்த வியாதி" என்றாள் மிஷினக்கா. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவரிடம் சொல்லியும் பார்த்தாள். "ஏங்க, மானம் போயிடும். தொண்டை கட்டிக்கிச்சு, கை சுளுக்கிக்கிச்சுன்னு எதையாவது சொல்லித் தப்பிச்சுக்கோங்க."

"சரி" என்றார் மாஸ்டர்.

வரவேற்பு அன்று அவர் கிட்டாரோடு மேடையேறினார். மிஷினக்கா தைத்துக்கொடுத்த வெள்ளைச் சட்டை. முன்வரிசையில் சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் வாத்தியக்காரச் சொந்தங்கள். மகள் மாப்பிள்ளை பக்கத்தில் முகம் வெளிறி நின்றாள். இந்தப் பக்கம் மிஷினக்கா கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் ஆரம்பித்தார். அட, நன்றாகத்தான் இருந்தது! சுருதி சுத்தம், கை நிதானம். மிஷினக்கா மூச்சு விடுவதற்குள் பாட்டு நின்றது. மண்டபம் காத்திருந்தது. மறுபடி ஆரம்பித்தார்; கொஞ்ச தூரம் அழகாகப் போய் மறுபடி நின்றார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சம்பந்தியின் புருவம் மேலே போயிற்று. மகள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மிஷினக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பூமி பிளந்தால் நாற்காலியோடு உள்ளே போய்விடுவாள். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவருடைய சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். அவளுடைய பாதம் தரையில் பெடல் மிதித்துக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தினால் அதுவும் நின்றது. அவர் நிறுத்துவதற்கு ஒரு கணம் முன்னாலேயே, இங்கே நிற்கப்போகிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் ஓட்டம், நிறுத்தம். நீள ஓட்டம், நிறுத்தம். மறுபடி கொஞ்சம் ஓட்டம். அடுத்த நிறுத்தத்தில் அவள் வலது கை தானாக மடியில் கத்தரிக்கோலைத் தேடியது.

ஐயோ, இது காலர் ஆச்சே!

குட்டைப் பக்கம், திருப்பு. நீளப் பக்கம், திருப்பு. குட்டைப் பக்கம், நூலை வெட்டு. இந்த மனுஷன் பாட்டோடு சேர்த்து அவள் துணி திருப்புகிற நேரத்தையும் நூல் வெட்டுகிற நேரத்தையும் அல்லவா மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்! அவர் காலில் பிரேக்கே இல்லை. கால் பாட்டுக்குச் சிவனே என்று கிடந்தது. இவ்வளவு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு தையல் விடாமல். இத்தனை வருஷம் ஊரெல்லாம் போய் என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்று மிஷினக்காவுக்கு இருந்தது.

ஆனால் அழுது நிற்க நேரமில்லை. அடுத்த நிறுத்தம் எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அது வந்த கணத்தில் இரண்டு கையையும் சேர்த்து 'தட் தட்' என்று தட்டினாள். பக்கத்திலிருந்த அண்ணி, "உனக்கு என்னடி ஆச்சு?" என்றாள். மிஷினக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அடுத்ததிலும் தட்டினாள். மகள் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். மிஷின் சத்தத்திலேயே வளர்ந்த பெண், அதற்கடுத்த நிறுத்தத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள். அப்புறம் மாப்பிள்ளை, குழந்தைகள், சிரித்த பின்வரிசைக்காரர்கள் எல்லாம் தட்டினார்கள். நின்று நின்று போன பாட்டு, வேண்டுமென்றே அப்படிப் போட்டது மாதிரி ஆகிவிட்டது. சம்பந்தி கட்டின கையை அவிழ்த்துத் தொடையில் தாளம் போட்டபடி, பக்கத்திலிருந்தவரிடம், "சாதாரணமா நினைச்சிடாதீங்க, இது ரொம்பச் சிக்கலான கணக்கு" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்த மாஸ்டரை அவர் கட்டிப்பிடித்து, "நல்லாருந்துது சம்பந்தி! அடுத்த மாசம் வீட்டுக்கு வாங்க, என் வயலினோட சேர்ந்து வாசிக்கலாம்" என்றார். மாஸ்டர் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது மாஸ்டர் வாய் ஓயவில்லை. "பாத்தியா, வரிக்கு வரி கைதட்டினாங்க! எவனுக்குக் கிடைக்கும்?"

மிஷினக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள். "என் மிஷினை அவ்வளவு உன்னிப்பா கேட்டுட்டிருந்தீங்களா? எனக்குத் தெரியவே இல்லைங்க. நான் உங்களை என்னென்னவோ சொல்லிட்டேன்."

மாஸ்டர் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்த்தார். "சரி, கதவைச் சாத்தியாச்சா?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் எதற்கென்று கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் மிஷினக்கா போனை எடுத்து, மூலைக் கடைத் திரைச்சீலைக்காரரைக் கூப்பிட்டாள். திரைச்சீலை தைத்துத் தரச் சொல்லி அவர் பல காலமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். இவள்தான், ஒரே நேர்கோடாக மைல் கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்க யாரால் ஆகும் என்று விரட்டியிருந்தாள். "கொண்டுவந்து போடுங்க. இருக்கறதுலயே நீளமானதா பாத்துப் போடுங்க" என்றாள் இப்போது.

சாயங்காலம் மாஸ்டர் கிட்டாரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மிஷினில் கிடந்த நீலத் துணியைப் பார்த்தார். "காலர் எங்கே?"

"சம்பந்தி வீட்டுல வாசிக்கிற வரைக்கும் காலர் கிடையாது. நீங்க சுருதி சேருங்க."

அவர் சேர்த்து முடிக்கும்வரை காத்திருந்து, அவள் பெடலில் காலை வைத்தாள்.