விழுந்தவனை மிதிக்க மாட்டார்கள் என்று நம்பினேன்

ஜெயில் கலவரத்தைப் பற்றி டிவியில் ஒரு வாரம் பேசினார்கள். காலையிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்த ஒரு கைதியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் சாகவிட்டதால்தான் அது வெடித்தது என்று ஒருத்தராவது வாய் திறக்க வேண்டுமே! 'கைதிகள் அட்டகாசம்' என்றார்கள். நாசமாய்ப் போக.

என் தம்பி அந்த ஜெயிலில்தான் இருந்தான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்து வயல்காரனை மண்வெட்டியால் வெட்டிவிட்டு உள்ளே போனவன். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் விடுதலைக்கு எட்டு மாதம்தான் பாக்கி. கலவரத்தின்போது அவன் சமையல் கூடத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் யாரையும் பார்க்க விடவில்லை. ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு, திருவாரூரிலிருந்து பஸ் மாறிப் போய், ஜெயில் வாசலில் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்புவேன். "டீச்சரம்மா, உங்க தம்பி என்ன தியாகியா? போயிட்டு அப்புறமா வாங்க" என்றான் அங்கே ஒரு காவலன். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

கடைசியில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முகம் வீங்கியிருந்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை.

"ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரிக்கிறாங்கக்கா. ஒண்ணும் பண்ணலன்னு சொன்னா அடிக்கிறாங்க. என்ன செய்யட்டும்?"

"தப்புத்தான்னு சொல்லிக் கால்ல விழுந்துடுடா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகட்டும்."

"செய்யாததையா?"

"அப்பா பஞ்சாயத்துல விழல? விழுந்தவனை யாருடா மிதிப்பா?"

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் அதுதான் வழக்கம். செய்தானோ இல்லையோ, ஒருவன் 'தப்புத்தான், சபை மன்னிக்கணும்' என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டால் விவகாரம் அதோடு முடிந்தது. மறுநாள் அதைப் பற்றிப் பேசுகிறவன்தான் குற்றவாளி. அப்பா அப்படி விழுந்து எழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். எம்.ஏ., பி.எட். படித்த என் மூளைக்கு அதற்கு மேல் ஒன்றும் எட்டவில்லை.

அவன் விழுந்தான். 'கலவரத்தைத் தூண்டியதே நான்தான்' என்று நாலு பக்கம் டைப் அடித்து அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், பாவிகள். புதுக் கேஸ் போட்டார்கள். எட்டு மாதத்தில் வர வேண்டியவன் வரவில்லை. செத்துப்போன கைதியைப் பற்றி எவனும் கேட்கவில்லை. ஊரில் பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவர், "தம்பி ஒத்துக்கிட்டானாமே, பெரிய மனசும்மா" என்றார். "உங்க பஞ்சாயத்தைக் கொண்டுபோய் குப்பையில போடுங்க" என்று கத்திவிட்டேன்.

விசாரணைக்கு முந்தின நாள் எங்கள் வக்கீல் சொன்னார்: "அடி தாங்காம, அக்கா பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன்னு அவர் சொல்லட்டும். நீங்களும் கூண்டுல ஏறி ஆமான்னு சொல்லணும்." நான் அரசாங்கப் பள்ளி ஆசிரியை. வேலைக்கு உலை வைத்துவிடுமோ என்று பயம். "பாக்கலாம் சார்" என்றேன். வக்கீல் அதை அப்படியே அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

கோர்ட்டில் நீதிபதி அவனைக் கேட்டார்: "யாராவது சொல்லிக் கையெழுத்துப் போட்டியாப்பா?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் போட்டேன்."

ஊரையே திட்டுகிற வாய் எனக்கு. அன்றைக்கு நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.